முழங்காலுக்கு இரண்டு அங்குலம்

ஏலமலைச் சாலைகளில் ஓடும் மோட்டார் சைக்கிளின் ஃபுட்ரெஸ்ட்டை இடம் மாற்றுவது பட்டறைக்காரருக்குச் சின்ன வேலை. அதோடு சேர்ந்து மாறும் மற்ற விஷயங்களைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் இடையில் இருக்கிறது ஆனைக்கரை. காலையில் கடைவீதியில் நின்று பார்த்தால் ஊரின் தொழில் முழுவதும் இரு சக்கரங்களில் கடந்து போகிறது. பின்சீட்டில் உர மூட்டை, முதுகில் மருந்து தெளிக்கும் பம்பு, பெட்ரோல் டாங்க் மீது சாய்த்து வைத்த ஏலக்காய்ச் சாக்கு. கம்பம் பக்கமிருந்து தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றி வரும் ஜீப்புகளுக்கு நடுவே இந்த வண்டிகள் நெளிந்து போகின்றன. ஓட்டுபவர்களில் பலர் மடித்துக் கட்டிய வேட்டியும் ரப்பர் செருப்புமாக இருக்கிறார்கள். அவர்கள் வண்டியை நிறுத்தி இறங்கும்போது கவனியுங்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் உடனே நடப்பதில்லை. ஒரு கையை சீட்டில் ஊன்றி, முழங்காலை இரண்டு முறை மடக்கி நீட்டிவிட்டுத்தான் டீக்கடைப் பக்கம் நகர்கிறார்கள்.

(பெயரைக் கேட்டதும் கொள்ளிடக் கரையின் அணைக்கரை சிலருக்கு நினைவு வரலாம். அது அணை, இது ஆனை. பாலக்காடு மாவட்டத்தில் இன்னொரு ஆனைக்கரையும் உண்டு. அரசியல் நிர்ணய சபை உறுப்பினராக இருந்த அம்மு சுவாமிநாதன் பிறந்த ஊர் அது. நாம் பேசுவது இடுக்கி மாவட்டத்து ஆனைக்கரையைப் பற்றி. ஊருக்கு அருகே செல்லார்கோவில் மேட்டில் ஏறினால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும்.)

இந்த முழங்கால் வலிக்கு வயதைக் குற்றம் சொல்வது வழக்கம். மலைக்குளிரையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் வலிக்கு இன்னொரு காரணம் வண்டியிலேயே, கால் வைக்கும் இடத்தில், ரப்பர் உறை போட்ட ஒரு சாண் நீள இரும்புத் துண்டாக இருக்கிறது. மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர் மைலேஜ் கேட்பார், பிக்கப் கேட்பார், மறு விற்பனை விலை கேட்பார். ஃபுட்ரெஸ்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டவரை ஷோரூமில் பார்ப்பது அரிது. ஐந்து நிமிட ஓட்டத்தில் அது தன் குணத்தைக் காட்டுவதும் இல்லை. ஐம்பதாவது கிலோமீட்டரில்தான் காட்டும்.

சீட், ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். ஓட்டுபவரின் உடம்பு அதற்குள் மடங்கி உட்கார்ந்திருக்கிறது. சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் இடையே உள்ள தூரம் குறைந்தால் முழங்கால் அதிகம் மடங்கும். மடக்கம் கூடக் கூட, முழங்கால் சில்லு தொடை எலும்பின் மீது அழுந்துவது கூடுகிறது. அசையாமல் அப்படியே ஒரு மணி நேரம் இருந்தால் சில்லுக்குப் பின்னால் மந்தமான வலி தொடங்கும். சினிமா பார்த்துவிட்டு எழும்போது சிலருக்கு வரும் வலியும் இதே ரகம்தான். ஆங்கில மருத்துவத்தில் இந்த அறிகுறிக்குத் தியேட்டரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தியேட்டரிலாவது இடைவேளை உண்டு. ஏலமலையில் மேடு பள்ளம் வரும்போதெல்லாம் மடங்கிய காலை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். வலிக்கும் மூட்டுக்கு மேல் முழு எடை இறங்குகிறது.

அப்படியென்றால் கம்பெனிகள் ஏன் சரியான இடத்தில் வைப்பதில்லை? யாருக்குச் சரியான இடம் என்பதுதான் கேள்வி. ஐந்தடி இரண்டு அங்குல ஆளுக்கும் ஆறடி ஆளுக்கும் ஒரே வண்டிதான் விற்க வேண்டும். இந்திய உடம்புகளை அளந்து, வடிவமைப்பாளர்களுக்கு உதவும் அளவுப் பட்டியல்களோடு அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் ஒரு புத்தகம் வெளியிட்டது. தேவ்குமார் சக்ரவர்த்தி எழுதியது. இப்படிப்பட்ட பட்டியல்களில் சராசரியை விட முக்கியமானவை இரண்டு ஓரங்கள்: நூறு பேரில் மிகக் குட்டையான ஐந்து பேர், மிக நெட்டையான ஐந்து பேர். இடைப்பட்ட தொண்ணூறு பேருக்குப் பொருந்தினால் போதும் என்பது வடிவமைப்பாளர்களின் பொதுவான வழக்கம். ஓரத்தில் இருப்பவர்கள் சமாளித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனைக்கரையின் டீக்கடை வாசலில் காலை உதறும் நெட்டை மனிதர் அந்த ஓரத்து ஆள்.

நம் நாட்டில் வண்டி வந்த வரலாறும் சேர்ந்துகொள்கிறது. 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசூகி, அடுத்த வருடம் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்எக்ஸ் 100ம் வந்தபோது ஜப்பானிய 100 சிசி வண்டி இந்தியக் குடும்ப வாகனம் ஆனது. இலேசான வண்டி, சிறிய வண்டி. அதன் மேல் நாம் மனைவி, இரண்டு குழந்தைகள், காய்கறிப் பை எல்லாவற்றையும் ஏற்றினோம். ஓட்டுபவர் முன்னுக்குத் தள்ளப்பட்டு டாங்க் மீது ஏறி உட்கார்ந்தார். சீட் முன்னால் நகர்ந்துவிட்டது, ஃபுட்ரெஸ்ட் நகரவில்லை.

ஃபுட்ரெஸ்ட்டை இடம் மாற்றும் ஆசை நம்முடையது மட்டும் அல்ல. 1950களிலும் 60களிலும் லண்டன் ஏஸ் கஃபே வாசலில் கூடிய இளைஞர்கள் அதைப் பின்னுக்குத் தள்ளினார்கள். உடம்பு குனிந்து காற்றைக் கிழிக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. அமெரிக்காவில் நீள ஃபோர்க் சாப்பர் வண்டிக்காரர்கள் அதே துண்டை முன் சக்கரப் பக்கம் கொண்டுபோய், சாய்வு நாற்காலியில் உட்காருவதுபோல் காலை நீட்டினார்கள். இந்தியாவில் இந்தப் பாணியைக் கம்பெனியே செய்து விற்றது. 2001இல் கவாஸாகி பஜாஜ் எலிமினேட்டர், 2005இல் அவெஞ்சர். முழங்கால் வலிக்காரர்கள் பலர் விளம்பரத்தைப் பார்த்து அல்ல, ஒரு முறை உட்கார்ந்து பார்த்துத்தான் அதை வாங்கினார்கள் என்பது என் ஊகம்.

கால்களைப் பழக்கத்துக்கு மாறாக வேலை வாங்கிய வண்டியும் நம்மிடம் இருந்தது. 1955இல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் தயாரித்த புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். 1970களின் நடுவில் அமெரிக்கா இடது கால் கியரைக் கட்டாயமாக்க, உலகம் அந்தப் பக்கம் திரும்பியது. திருவொற்றியூர் அவசரப்படவில்லை. 2000களின் இறுதிவரை வலது கால் கியர் புல்லட் விற்பனையில் இருந்தது. மைசூரின் ஜாவா இன்னொரு வேடிக்கை. கியர் லீவரை உள்ளே தள்ளித் திருப்பினால் அதுவே கிக்கர். இந்த வண்டிகளில் பழகியவர்கள் புது வண்டிக்கு மாறிய முதல் வாரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. காலின் பழக்கம் அவ்வளவு ஆழமானது. ஃபுட்ரெஸ்ட்டை நகர்த்தும்போது நாம் கை வைப்பது இந்தப் பழக்கத்தில்தான்.

பட்டறையில் பொதுவாக மூன்று வழிகள். கடையில் கிடைக்கும் பிராக்கெட் ஒன்றைப் பழைய துளையில் போல்ட் போட்டு முடுக்கி, அதன் மறுமுனையில் ஃபுட்ரெஸ்ட்டை மாட்டுவது முதல் வழி. லேத்தில் கடைந்து ஒரு துண்டு செய்து இடையில் வைப்பது இரண்டாவது. பழையதை அறுத்துவிட்டுக் கீழேயோ முன்னாலேயோ வெல்டிங் வைப்பது மூன்றாவது. மூன்றாவது மலிவு, வேகம், நம் ஊர்களில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது. மூன்றிலும் மோசமானதும் அதுதான். மேட்டில் எழுந்து நின்று ஓட்டும்போது 80 கிலோ மனிதரின் எடை முழுவதும் இரண்டு ஃபுட்ரெஸ்ட்களில் இறங்குகிறது. வண்டி குழியில் விழுந்தால் அது பல மடங்காகும். வெல்டிங் சூட்டில் ஓரத்து இரும்பின் தன்மை மாறிவிடும். விரிசல் அங்கேதான் தொடங்கும், பெயின்ட்டுக்கு அடியில், கண்ணில் படாமல். இன்றைய வண்டிகள் பலவற்றில் ஃபுட்ரெஸ்ட்டைத் தாங்கும் துண்டு வார்ப்பு அலுமினியம். அதில் சாதாரண இரும்பு வெல்டிங் பிடிக்கவே பிடிக்காது.

சரி, நல்ல பிராக்கெட்டே வாங்கி நன்றாகவே மாட்டியாயிற்று. இரண்டு அங்குலம் கீழே இறங்கியாயிற்று. முழங்கால் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. இனி மற்ற கணக்கு.

முதலில் வளைவு. ஃபுட்ரெஸ்ட்டின் நுனி தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்திலும் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 40 செ.மீ. தள்ளியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயரின் அகலத்தையும் ஸ்பிரிங் அமுங்குவதையும் விட்டுவிட்டுத் தோராயமாகப் போட்டால், வண்டி 37 டிகிரி சாயும்போது நுனி தரையைத் தொடும். 5 செ.மீ. இறக்கினால் 32 டிகிரியிலேயே தொட்டுவிடும். 10 மீட்டர் ஆரம் உள்ள கொண்டை ஊசி வளைவில் இது மணிக்கு 31 கி.மீ. வேகத்துக்கும் 28 கி.மீ. வேகத்துக்கும் உள்ள வித்தியாசம். மூன்று கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பின்சீட்டில் மூட்டை இருந்தால் ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கிறது. போடிமெட்டுச் சாலையில் இப்படிப்பட்ட வளைவுகள் 17. மடங்கும் ஃபுட்ரெஸ்ட் என்றால் தரையில் உரசி, மேலே மடங்கி, எச்சரித்துவிட்டு விடும். சில பெரிய வண்டிகளில் இந்த உரசலை முன்கூட்டியே சொல்வதற்காக அடியில் ஓர் ஆணியே தொங்கும். மடங்காத இரும்பு தரையில் ஊன்றினால் கதை வேறு. அது நெம்புகோலாகிப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து கிளப்பிவிடும். அறுத்து ஒட்டிய ஃபுட்ரெஸ்ட் பெரும்பாலும் மடங்காத ரகம்.

அடுத்தது பிரேக். இதுதான் ஆபத்தானது, இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஃபுட்ரெஸ்ட் இறங்கியதும் பாதமும் இறங்கிவிட்டது. பிரேக் பெடல் பழைய உயரத்திலேயே நிற்கிறது. இனி ஒவ்வொரு முறையும் பாதத்தைத் தூக்கித்தான் மிதிக்க வேண்டும். அந்தத் தூக்கலுக்கு ஆகும் கால் நொடியில், 40 கி.மீ. வேகத்தில், வண்டி கிட்டத்தட்ட மூன்று மீட்டர் போய்விடும். முன்னால் நகர்த்தியிருந்தால் நேர் எதிரான தொல்லை. பெடல் உள்ளங்காலுக்கு அடியில் வந்துவிடும், ஓட்டுபவர் அறியாமலே அழுந்திக்கொண்டிருக்கும். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருக்கும். குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்குவதற்குள் டிரம் சூடேறி, உண்மையில் பிரேக் தேவைப்படும் இடத்தில் பிடி தளர்ந்திருக்கும்.

இதற்குப் பட்டறையில் சொல்லும் தீர்வு பெடலை வெட்டிச் சின்னதாக்குவது. தயவுசெய்து வேண்டாம். பெடல் ஒரு துலாக்கோல். மிதிக்கும் இடத்திலிருந்து திருகு மையத்துக்கு 20 செ.மீ., மறுபக்கத்துக் கை 5 செ.மீ. என்றால் கால் கொடுக்கும் விசை நான்கு மடங்காகிப் பிரேக்கைச் சேருகிறது. 20ஐ 15ஆக வெட்டினால் மூன்று மடங்குதான். பிரேக்கின் பலத்தில் கால் பங்கு பட்டறைத் தரையில் துண்டாகக் கிடக்கிறது என்று அர்த்தம்.

கியர் லீவரில் உயிருக்கு ஆபத்து குறைவு, எரிச்சல் அதிகம். முன்னும் பின்னும் மிதி உள்ள இரட்டை லீவர் நம் நாட்டுச் செருப்புக் கால்களுக்கு ஏற்றது. பெருவிரலால் தூக்க வேண்டியதில்லை, குதிகாலால் அழுத்தினால் போதும். ஃபுட்ரெஸ்ட்டை முன்னால் தள்ளினால் இந்த இரட்டை லீவரின் அளவுகள் முழுவதும் பொய்த்துப்போகும்.

ஆகவே ஃபுட்ரெஸ்ட்டில் கை வைப்பதற்கு முன்னால் செலவில்லாத சில காரியங்களைச் செய்து பார்க்கலாம். கியர் லீவரை என்ஜினோடு இணைக்கும் தண்டில் வரி வரியாகப் பல் இருக்கும். போல்ட்டைத் தளர்த்தி ஒரு பல் மேலேயோ கீழேயோ மாற்றி மாட்டினால் கணுக்காலின் கோணம் மாறும். பிரேக் பெடலின் உயரத்தைப் பல வண்டிகளில் ஒரு நிறுத்து போல்ட்டைத் திருகி மாற்றலாம். அதன் பிறகு பிரேக் ராடின் நட்டையும் பிரேக் விளக்கு ஸ்விட்சையும் சரி பார்ப்பது கட்டாயம். ஹேண்டில்பாரைக் கிளாம்பில் தளர்த்தித் தன் பக்கம் சற்றுச் சுழற்றினால் உடம்பு நிமிர்ந்து சீட்டில் பின்னுக்குப் போகும். முழங்காலின் மடக்கமும் அந்த அளவுக்குக் குறையும். சீட்டின் ஸ்பஞ்ச் அமுங்கித் தட்டையாகியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஒரு அங்குலம் சீட் உயர்வதும் ஒரு அங்குலம் ஃபுட்ரெஸ்ட் இறங்குவதும் முழங்காலைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒன்றுதான். வளைவில் தரையைத் தொடும் பயமும் இல்லை. முழங்கால் வலிக்காரர்களில் பாதிப் பேருக்காவது சீட் தைப்பவரே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. குட்டையானவர்களுக்கு இந்த யோசனை உதவாது, அவர்கள் கால் தரையில் எட்டாமல் போய்விடும்.

பின்சீட்டையும் பார்க்க வேண்டும். புடவை கட்டியவர் ஒரு பக்கமாக உட்காருவதற்கென்று இடது பக்கம் தட்டு மாதிரி ஒரு ஃபுட்ரெஸ்ட் பொருத்தும் நம் வழக்கம் மேல்நாட்டுச் சாலைகளில் காண முடியாதது. 1989ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்சீட்டு உள்ள வண்டிக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், துணி சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றையும் கட்டாயமாக்குகிறது. அழகு கெடுகிறது என்று இளைஞர்கள் முதலில் கழற்றிப் போடுவது இந்த மூன்றாவதைத்தான். தனக்காக ஃபுட்ரெஸ்ட்டை நகர்த்துபவர்கள், பின்னால் இருப்பவரின் பாதமும் தன் குதிகாலும் இடித்துக்கொள்ளுமா என்று உட்கார்ந்து பார்ப்பதும் குறைவு.

இனி சட்டம். இந்த விஷயத்தில் நாடு முழுவதற்குமான தீர்ப்பு கேரளாவிலிருந்து போன வழக்கில்தான் வந்தது. மாநில விதிகளைக் காட்டி வண்டியின் அமைப்பை மாற்றிக்கொள்ளலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் இடம் கொடுத்திருந்தது. மண்டலப் போக்குவரத்து அலுவலர் எதிர் கே. ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட மூல அளவுகளுக்கு முரணாகும்படி உரிமையாளர் மாற்றம் செய்யக் கூடாது, மாநில விதி அதற்குக் கீழ்ப்பட்டதே என்றது. அதே வருடம் சட்டம் திருத்தப்பட்டு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆனது.

ஃபுட்ரெஸ்ட் இதில் எங்கே வருகிறது? அதே 52ஆவது பிரிவு, மாற்றம் என்பதற்கு வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றிவிடும் அமைப்பு மாற்றம் என்று விளக்கம் தருகிறது. பதிவுச் சான்றில் என்ஜின் எண், சேசிஸ் எண், நிறம், இருக்கை எண்ணிக்கை எல்லாம் இருக்கும். ஃபுட்ரெஸ்ட்டின் உயரம் இருக்காது. எனவே போல்ட்டில் மாட்டிய ஒரு பிராக்கெட் குற்றமாகாது என்று வாதாட இடம் இருக்கிறது என்பது என் வாசிப்பு. ஆனால் வாதாட வேண்டிய இடம் மலைச்சாலையில் வண்டியை நிறுத்திய அதிகாரி முன்னால். சேசிஸில் வெல்டிங் வைத்தவருக்கு அந்த வாதமும் கிடையாது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதே கேள்வியைக் கேட்கும்.

காது கிழியும் சைலன்சருக்கும், கண்ணைக் கூசும் விளக்குக்கும், நம்பர் பிளேட்டை மறைக்கும் வித்தைக்கும் எதிராகச் சட்டம் கடுமையாக இருப்பதில் யாருக்கும் வருத்தம் இருக்க முடியாது. ஆனால் முழங்கால் தேய்ந்த தோட்ட மேற்பார்வையாளர் ஒருவர் நேர்வழியில் போக நினைத்தால் அவருக்குத் தெளிவான கதவு எது? உடல் குறை உள்ளவர் தன் வண்டியை மாற்றியமைத்துப் பதிவு செய்துகொள்ளச் சட்டத்தில் வழி உண்டு. அவர் அந்த அளவுக்கு முடியாதவர் அல்ல. அவருக்குத் தேவை இரண்டு அங்குலம். ஹேண்டில்பாரைப் போலவே ஃபுட்ரெஸ்ட்டையும் இரண்டு மூன்று துளைகளில் மாற்றி மாட்டும்படி கம்பெனியே செய்து கொடுத்தால் பட்டறைக்கும் வேலையில்லை, அதிகாரிக்கும் வேலையில்லை. பந்தய வண்டிகளுக்கு விற்கும் ஃபுட்ரெஸ்ட்களில் இந்தத் துளைகள் சாதாரணம். ஏலக்காய் மூட்டை சுமக்கும் வண்டியை வடிவமைப்பவர்களுக்கு அது ஏனோ தோன்றுவதில்லை.

அதுவரை, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், போல்ட்டில் மாட்டும் பிராக்கெட், மடங்கும் ஃபுட்ரெஸ்ட், வெட்டாத பெடல். மாட்டியதும் மூட்டையோ பின்சீட்டு ஆளோ இல்லாமல் சமதளத்தில் நூறு முறையாவது பிரேக் போட்டுப் பாருங்கள், கால் புதிய இடத்தைக் கற்றுக்கொள்ளும் வரை. ஒரு வாரம் கழித்துப் போல்ட்டுகளை மீண்டும் முடுக்க வேண்டும். கழற்றிய பழைய ஃபுட்ரெஸ்ட்டையும் பிராக்கெட்டையும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துவது நல்லது. பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வண்டியை அதிகாரி முன் நிறுத்தும் நாளில் அவை தேவைப்படும். அறுத்து ஒட்டியவர்களுக்கு அந்த வசதி இல்லை.